மரப் பொந்தில் வாழும் ஈஸ்ட்டுக்குப் பெயர் சூட்டுவது ஏன் முக்கியம்? புதிய சிற்றினங்கள் வகைப்படுத்தப்படும் முறை - ஒரு விளக்கம்

புதுடெல்லி: சாலையோரத்தில் நிற்கும் ஒரு நாவல் மரத்தின் பொந்திலிருந்து சுரண்டி எடுக்கப்படும் ஒரு சிட்டிகை மக்கிய மரத்தூளில் பல வகை ஈஸ்ட்டுகள் வாழக்கூடும். நுண்ணோக்கியின் கீழ் அவை பெரும்பாலும் ஒன்றுபோலவே, உருண்டையான அல்லது முட்டை வடிவமான செல்களாகத் தோன்றும். ஆனால், அவற்றுள் ஒன்று உயிரைப் பறிக்கும் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம். மற்றொன்று தடுப்பூசி ஆலையில் பயன்படும் திறன் பெற்றதாக இருக்கலாம். வேறொன்று இதுவரை எவராலும் பெயரிடப்படாத புதிய சிற்றினமாகவும் இருக்கலாம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவற்றை வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை வகுத்துத் தருவதே ஈஸ்ட் வகைப்பாட்டியல். புதிய பறவையையோ, புதிய தவளையையோ காட்டில் கண்டவுடன் ஓரளவு ஊகித்துவிட முடியும். புதிய ஈஸ்ட்டை அவ்வாறு 'காண' இயலாது. ஏற்கெனவே பெயரிடப்பட்ட அனைத்தோடும் ஒப்பிட்டு, இது வேறு என்று சான்றுகளின் அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு எங்கே கோடு கிழிக்கிறது என்பதைப் பொறுத்து, மருத்துவமனையில் நோயைக் கண்டறிவதும், ஆலையில் மருந்து தயாரிப்பதும் மாறுகின்றன.

ஈஸ்ட் என்பது ஒரு குடும்பமல்ல

ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும், பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் புளிக்க வைப்பதும் ஈஸ்ட் என்பது பலரும் அறிந்ததே. ரொட்டி ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆயினும், ஈஸ்ட் என்னும் சொல் ஒரே வம்சத்தைச் சேர்ந்த உயிரிகளைக் குறிப்பதன்று. பூஞ்சைகளுள் ஒற்றைச் செல்லாக வாழ்ந்து, மொட்டு விட்டோ, பிளந்தோ பெருகுபவை அனைத்தும் பொதுவாக ஈஸ்ட் எனப்படுகின்றன. அது ஒரு வாழ்க்கை முறையின் பெயர்.

பூஞ்சைகளின் இரு பெரும் பிரிவுகளிலும் ஈஸ்ட்டுகள் உள்ளன. ரொட்டி ஈஸ்ட், ஆஸ்கோமைகோட்டா என்னும் பிரிவைச் சேர்ந்தது. மரப் பொந்துகளில் வாழும் கிரிப்டோகாக்கஸ், காளான்கள் அடங்கிய பசிடியோமைகோட்டா பிரிவைச் சேர்ந்தது. அதாவது, நுண்ணோக்கியில் ரொட்டி ஈஸ்ட்டைப் போலத் தோன்றும் கிரிப்டோகாக்கஸ், உறவுமுறையில் குடைக்காளானுக்கே நெருக்கமானது.

மரங்களில் எங்கே வாழ்கின்றன?

மரம் ஈஸ்ட்டுகளுக்குப் பல வீடுகளைக் கொண்ட ஓர் ஊர் போன்றது. பட்டையின் வெடிப்புகள், காயம்பட்ட இடத்தில் கசியும் சாறு, பூக்களின் தேன், அழுகும் பழங்கள், இலைப்பரப்பு, உளுத்துப்போன தண்டின் உட்பகுதி என ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு ஈஸ்ட்டுகள் குடியிருக்கின்றன. மரத்தைத் துளைக்கும் வண்டுகளும், சாற்றை நாடி வரும் ஈக்களும் அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்கின்றன. மரக்கட்டையில் உள்ள சைலோஸ் போன்ற சர்க்கரைகளை உண்ணும் ஈஸ்ட்டுகளும் உண்டு. வேளாண் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்க விரும்பும் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி வருகின்றனர்.

பொந்திலிருந்து ஆய்வகம் வரை

களப்பணி எளிமையானது. தூய்மையாக்கப்பட்ட கத்தியால் பட்டைத் துணுக்கை வெட்டி எடுப்பர். பொந்தின் உட்சுவரைப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றி எடுப்பதும் உண்டு. மரத்தின் பெயர், இடம், நாள் ஆகியவை அப்போதே பதிவு செய்யப்படும். இந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், பின்னாளில் அந்த ஈஸ்ட் எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

ஆய்வகத்தில் மாதிரி ஒரு வளர்ப்பு ஊடகத்தில் இடப்படுகிறது. பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளாதிருக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து சேர்க்கப்படும். எந்த ஈஸ்ட்டைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து ஊடகமும் மாறும். சாக்கரோமைசிஸ் வகைகளைத் தேடுவோர் ஊடகத்தில் சிறிது ஆல்கஹாலைச் சேர்ப்பர். அதைத் தாங்க இயலாதவை ஒதுங்கிவிடும். கிரிப்டோகாக்கஸைத் தேடுவோர், பேய் எள் எனப்படும் எண்ணெய் வித்தின் சாறு கலந்த ஊடகத்தைப் பயன்படுத்துவர். அதில் மற்ற ஈஸ்ட்டுகள் வெளிறிய நிறத்தில் வளர, கிரிப்டோகாக்கஸ் மட்டும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கிப் பழுப்பு நிறக் காலனிகளாகத் தெரியும்.

தட்டில் முளைத்த காலனிகளிலிருந்து ஒன்றைத் தொட்டு, மீண்டும் மீண்டும் புதிய தட்டில் கீறி வளர்த்து, ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் மட்டுமே எஞ்சும்வரை தூய்மைப்படுத்துவர். இவ்வாறு கிடைக்கும் தூய வளர்ப்புக்குத் 'திரிபு' என்று பெயர். வகைப்பாட்டியலாளரின் உண்மையான பணி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோற்றம் ஏமாற்றிய வரலாறு

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குக் கிரிப்டோகாக்கஸின் வரலாறே சான்று. 1894-ஆம் ஆண்டு இத்தாலியில் பிரான்செஸ்கோ சான்ஃபெலிச்சே, புளித்த பீச் பழச்சாற்றிலிருந்து ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஓட்டோ புஸ்ஸே, நோயாளி ஒருவரின் கால் எலும்பிலிருந்து அத்தகைய ஈஸ்ட்டைக் கண்டறிந்தார். மொட்டு விட்டுப் பெருகியதால், ரொட்டி ஈஸ்ட் அடங்கிய சாக்கரோமைசிஸ் பேரினத்திலேயே அது வைக்கப்பட்டது.

1901-ஆம் ஆண்டு பிரான்ஸ் அறிஞர் பால் வியூய்மா, அந்த ஈஸ்ட் சாக்கரோமைசிஸைப் போல வித்துகளை உண்டாக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அதனைக் கிரிப்டோகாக்கஸ் பேரினத்துக்கு மாற்றினார். அது காளான்களின் உறவு என்பது உறுதிப்பட மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 1975-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் குவோன்-சுங் அதன் பாலினப் பெருக்க நிலையைக் கண்டறிந்து விவரித்தபோதுதான் அது தெளிவானது. பாலின நிலைக்கு ஒரு பெயர், மொட்டு விடும் நிலைக்கு வேறொரு பெயர் என ஒரே உயிரிக்கு இரு பெயர்கள் வழங்கிய காலமும் இருந்தது. பூஞ்சைகளுக்கு இனி ஒரே பெயர் என்ற முடிவு 2011-ஆம் ஆண்டு மெல்போர்னில் நடைபெற்ற பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில்தான் எடுக்கப்பட்டது.

உருவம் போதாது என்பதை உணர்ந்த ஆய்வாளர்கள், ஈஸ்ட்டின் பழக்கவழக்கங்களைச் சோதிக்கத் தொடங்கினர். எந்தெந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது? எவற்றை உண்டு வளர்கிறது? நைட்ரேட்டைப் பயன்படுத்துமா? யூரியாவைச் சிதைக்குமா? 37 டிகிரி செல்சியஸில், அதாவது மனித உடல் வெப்பநிலையில் வளருமா? இத்தகைய பல சோதனைகளின் விடைகளைக் கொண்ட பட்டியலே நெடுங்காலம் ஒரு சிற்றினத்தின் அடையாள அட்டையாக விளங்கியது. புதிய சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரைகளில் இந்தப் பட்டியல் இன்றும் இடம்பெறுகிறது. ஆனால், ஒரே சிற்றினத்தின் இரு திரிபுகள் வெவ்வேறு விடைகளைத் தருவதும், இரு வேறு சிற்றினங்கள் ஒரே விடைகளைத் தருவதும் உண்டு.

600 எழுத்துகளின் கணக்கு

இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு தீர்வு தந்தது மரபணு வரிசை. புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் ஒரு கூறுக்கான மரபணுவில், டி1/டி2 எனப்படும் சிறு பகுதி உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 600 நியூக்ளியோடைடுகள், அதாவது டிஎன்ஏவின் 600 எழுத்துகள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்களான கிளீடஸ் கர்ட்ஸ்மேனும் கிறிஸ்டி ராப்நெட்டும் ஏறத்தாழ 500 சிற்றினங்களின் டி1/டி2 வரிசைகளை ஒப்பிட்டு 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் திருப்புமுனையாக அமைந்தது.

அந்த ஆய்விலிருந்து ஒரு நடைமுறை அளவுகோல் பிறந்தது. இரு திரிபுகளுக்கு இடையே இப்பகுதியில் 3 எழுத்துகள் வரை மட்டுமே வேறுபாடு இருந்தால், அவை பொதுவாக ஒரே சிற்றினம். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள், அதாவது 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், அவை வெவ்வேறு சிற்றினங்களாக இருக்க வாய்ப்பு மிகுதி. இன்று மரப்பட்டையிலிருந்து ஒரு திரிபு கிடைத்தவுடன் செய்யப்படும் முதல் வேலை, இப்பகுதியைப் படித்துப் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளுடன் ஒப்பிடுவதுதான்.

ஆனால், 1 சதவீதம் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. அது ஒரு கைக்காட்டி மட்டுமே. அண்மையில் பிரிந்த சிற்றினங்களுக்கிடையே இந்தச் சிறு பகுதியில் போதிய வேறுபாடு தோன்றியிருக்காது. சில ஈஸ்ட்டுகளில் ஒரே செல்லுக்குள்ளேயே இப்பகுதியின் பல வடிவங்கள் காணப்படுவதும் உண்டு. ஆகவே, ஐடிஎஸ் எனப்படும் அண்டைப் பகுதி, புரதங்களுக்கான வேறு சில மரபணுக்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிட்டு, உறவுமுறையைக் காட்டும் வம்சமரம் வரையப்படுகிறது. இப்போது முழு மரபணுத் தொகுதியையே படித்து ஒப்பிடும் போக்கு வலுத்துள்ளது. 2024-ஆம் ஆண்டு வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, ரொட்டி ஈஸ்ட் அடங்கிய பிரிவின் 1,051 சிற்றினங்களைச் சேர்ந்த 1,154 திரிபுகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தது.

ஒரே ஒரு திரிபை வைத்துப் புதிய சிற்றினத்தை அறிவிக்கலாமா என்பதும் நீடிக்கும் விவாதம். பல மரங்களிலிருந்து, பல இடங்களிலிருந்து திரிபுகள் கிடைத்தால்தான் ஒரு சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இயல்பானது என்பது தெரியவரும். ஒற்றைத் திரிபை நம்பி எழுதப்படும் விவரிப்பு, ஓர் ஊரைச் சேர்ந்த ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு ஊரையே விவரிப்பதற்கு ஒப்பானது.

பெயர் சூட்டும் விதிகள்

புதியது என்று உறுதியானபின், பெயர் சூட்டப்படுகிறது. பூஞ்சைகளின் பெயர்களை ஆளுவது, தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகள் ஆகியவற்றுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு. இதன்படி, புதிய சிற்றினத்தை அறிமுகப்படுத்துவோர் பின்வருவனவற்றை நிறைவேற்ற வேண்டும்.

* மற்றவற்றிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்ற விவரிப்பு வெளியிடப்பட வேண்டும். 2011-ஆம் ஆண்டு இறுதிவரை இது இலத்தீன் மொழியில் இருப்பது கட்டாயம். 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

* 2013-ஆம் ஆண்டு முதல், அங்கீகரிக்கப்பட்ட பெயர்ப் பதிவகம் ஒன்றில் பதிவு செய்து எண் பெற வேண்டும்.

* அந்தப் பெயருக்கு என்றென்றும் சான்றாக நிற்கும் 'வகைமாதிரி' ஒன்றைக் குறிப்பிட்டு, அதைச் சேமிப்பகத்தில் வைக்க வேண்டும். வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி மாறிவிடக்கூடும் என்பதால், உறைய வைத்தோ, உறைநிலையில் உலர்த்தியோ அதன் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

வளர்ப்பே இல்லாமல், மண்ணிலோ மரத்திலோ கிடைத்த டிஎன்ஏ வரிசையை மட்டும் வகைமாதிரியாக ஏற்கலாம் என்ற முன்மொழிவு 2018-ஆம் ஆண்டு பன்னாட்டுப் பூஞ்சையியல் மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அது ஏற்கப்படவில்லை. கையில் எடுத்து மீண்டும் சோதிக்கக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதே இன்றும் விதி.

பெயரின் இரண்டாம் பகுதியை, கண்டறிந்தவர்கள் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் இடத்தின் பெயரோ, மரத்தின் பெயரோ, மூத்த அறிஞரின் பெயரோ சூட்டப்படுகிறது. அசாமின் டிக்பாயில் எண்ணெய்க் கசடு கலந்த மண்ணில் கிடைத்த ஈஸ்ட்டுக்கு 2005-ஆம் ஆண்டு 'டிக்பாயென்சிஸ்' என்றும், நிலக்கரிச் சுரங்க மண்ணில் கிடைத்த ஈஸ்ட்டுக்கு 2007-ஆம் ஆண்டு 'சிங்கரேனியென்சிஸ்' என்றும் பெயரிடப்பட்டன. அதே ஆண்டு பப்பாளிப் பழத்திலிருந்து விவரிக்கப்பட்ட பிகியா செசெம்பென்சிஸ் என்னும் ஈஸ்ட்டின் பெயரில், அதனை ஆராய்ந்த ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆங்கிலச் சுருக்கம் ஒளிந்திருக்கிறது.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் இது அறிவியல் நெறி மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, புதிய உயிரினத்தைக் கண்டறியும் எவரும் அதனை அரசால் நியமிக்கப்பட்ட சேமிப்பகத்துக்குத் தெரிவித்து, அதன் சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இச்சட்டத்தைச் செயல்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது.

ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களைக் காப்பதில், சண்டிகரில் 1986-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நுண்ணுயிர் வகை வளர்ப்புச் சேமிப்பகம் முதன்மையானது. புனேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகமும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. நாட்டின் மரங்களில் கிடைக்கும் ஈஸ்ட்டுகளிலிருந்து பின்னாளில் மருந்தோ, தொழில்நுட்பமோ பிறந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றும் இத்தகைய சேமிப்பகங்களில்தான் இருக்கும்.

நாவல் மரப் பொந்தில் கிடைத்த விடை

மரங்களில் உள்ள ஈஸ்ட்டை அடையாளம் காண்பது மருத்துவத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கிரிப்டோகாக்கஸ் காட்டுகிறது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் பெரும்பாலும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரை, குறிப்பாக எச்ஐவி பாதிப்புடையோரைத் தாக்குகிறது. அதன் நெருங்கிய உறவான கிரிப்டோகாக்கஸ் கேட்டி, உடல்நலத்துடன் இருப்போரையும் தாக்கக்கூடியது. எச்ஐவி தொடர்பான கிரிப்டோகாக்கஸ் நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,12,000 பேர் உயிரிழப்பதாக 2022-ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், நியோஃபார்மன்ஸ் மிக உயர்ந்த முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றது.

இவ்விரண்டும் முன்பு ஒரே சிற்றினத்தின் வகைகளாகக் கருதப்பட்டன. கேட்டி வகை இயற்கையில் எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு 1990-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் விடை கிடைத்தது. டேவிட் எல்லிஸ், தானியா ஃபைஃபர் ஆகியோர் அதனை அங்குள்ள ஒருவகைத் தைல மரத்தில் கண்டறிந்தனர். இந்தியாவிலும் அதே வகைத் தைல மரத்தில் அது இருப்பதை, சண்டிகர் மருத்துவ ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டு தெரிவித்தனர். இறக்குமதியான மரத்துடன் வந்த பூஞ்சையா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனத்தில் ஹர்பன்ஸ் சிங் ரந்தாவா தலைமையிலான குழு, உள்நாட்டு மரங்களின் பொந்துகளை ஆராய்ந்தது. நாவல், அரசு ஆகிய மரங்களின் மக்கிய பகுதிகளில் கிரிப்டோகாக்கஸ் நிலையாகக் குடியிருப்பது தெரியவந்தது. அக்குழு 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான ஆய்வில், டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, சண்டிகர், தமிழ்நாடு ஆகிய இடங்களில் 311 மரங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 64 மரங்களில் இந்த ஈஸ்ட்டுகள் கண்டறியப்பட்டன. அவை 12 தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த 14 வகை மரங்களில் பரவியிருந்தன. குறிப்பிட்ட ஒரு மரத்தை அல்ல, மக்கிய மரப்பகுதியையே இந்த ஈஸ்ட் தன் வீடாகக் கொண்டுள்ளது என்பது இதனால் விளங்கியது.

மரங்களைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

அஞ்சத் தேவையில்லை. காற்றில் கலந்த நுண்ணிய செல்களையோ, வித்துகளையோ சுவாசிப்பதன் வழியாகவே தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு சுவாசிப்போரில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதுமில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், உளுத்த மரங்களை வெட்டும்போதோ, பொந்துகளைக் கிளறும்போதோ எழும் தூசியைத் தவிர்ப்பது நல்லது. நீடித்த தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு போன்ற அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை அணுகுவது அவசியம்.

இரண்டா, ஏழா? தொடரும் விவாதம்

கேட்டி 2002-ஆம் ஆண்டு தனிச் சிற்றினமாக உயர்த்தப்பட்டது. அத்துடன் கதை முடியவில்லை. 2015-ஆம் ஆண்டு ஃபெரி ஹாகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுச் சான்றுகளின் அடிப்படையில், இந்த இரண்டையும் ஏழு சிற்றினங்களாகப் பிரிக்க வேண்டும் என்று முன்மொழிந்தனர். நியோஃபார்மன்ஸ் இரண்டாகவும், கேட்டி ஐந்தாகவும் பிரிக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு குவோன்-சுங் உள்ளிட்ட மற்றொரு குழு இதற்கு மாற்றுக் கருத்தை வெளியிட்டது. ஆய்வு இன்னும் முதிராத நிலையில் ஏழு பெயர்களைப் புகுத்தினால் மருத்துவர்கள் குழம்புவர், இப்போதைக்குச் 'சிற்றினத் தொகுதி' என்று அழைப்பதே ஏற்றது என்பது அவர்களின் வாதம்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 1999-ஆம் ஆண்டு முதல் கனடாவின் வான்கூவர் தீவில் கேட்டி தொற்று பரவியது. வெப்பமண்டலப் பூஞ்சை என்று கருதப்பட்ட ஒன்று குளிர்ந்த நிலத்தின் மரங்களில் எவ்வாறு வாழ்கிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அங்கு பரவியது கேட்டியின் ஒரு குறிப்பிட்ட வம்சம் என்று பிரித்தறிந்ததாலேயே அதன் போக்கைத் தொடர முடிந்தது. அதே வேளையில், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு அடிக்கடி மாறும் பெயர் பயன் தராது. கோட்டை மிக நுண்ணியதாகக் கிழித்தாலும் சிக்கல். மிகப் பரந்ததாகக் கிழித்தாலும் சிக்கல்.

பட்டியலில் இல்லாத பெயரை எந்தக் கருவியும் சொல்லாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஜப்பானில் நோயாளி ஒருவரின் காதிலிருந்து 2009-ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் ஈஸ்ட்டை, மருத்துவமனைகளில் உள்ள கருவிகள் தொடக்கத்தில் வேறொரு ஈஸ்ட்டாகவே காட்டி வந்தன. அதன் சரியான வரிசைகள் தரவுத்தளங்களில் சேர்ந்த பின்னரே அது பல நாடுகளில் பரவியிருப்பது புலப்பட்டது. மருத்துவமனைகளில் மட்டும் அறியப்பட்ட அந்த ஈஸ்ட், அந்தமான் தீவுகளின் கடற்கரையிலும் உவர் சதுப்பிலும் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2021-ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர்.

மரச்சாற்றிலிருந்து தடுப்பூசிக்கு

மரத்தின் ஈஸ்ட் நோயை மட்டும் தருவதில்லை. பிரான்ஸ் நாட்டில் செஸ்ட்நட் மரத்தின் சாற்றிலிருந்து அலெக்சாந்தர் கியெர்மோந் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1950-களில் கலிஃபோர்னியாவின் கருவாலி மரங்களிலிருந்து ஹெர்மன் ஃபாஃப் அதே போன்ற ஈஸ்ட்டைச் சேகரித்தார். அவை பிகியா பாஸ்டோரிஸ் என்னும் ஒரே பெயரில் வைக்கப்பட்டன. மெத்தனாலை உண்டு வளரும் இந்த ஈஸ்ட், அயல் மரபணுவைப் புகுத்தினால் அதற்குரிய புரதத்தை ஏராளமாக உண்டாக்கித் தரும் என்பது பின்னர் தெரியவந்தது.

இந்திய மருந்துத் துறைக்கு இது பெரும் பயன் அளித்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியான ஷான்வாக்-பி, இந்த ஈஸ்ட்டைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. பெங்களூருவின் பயோகான் நிறுவனமும் மனித இன்சுலின் தயாரிக்க இதனைப் பயன்படுத்தியது. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் 12 முதல் 14 வயதுடைய சிறார்களுக்குச் செலுத்தப்பட்ட கோர்பிவேக்ஸ் கொரோனா தடுப்பூசியின் புரதமும் இதே ஈஸ்ட்டில் உருவாக்கப்பட்டதே. அதனைத் தயாரித்தது ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனம்.

ஆனால், அந்தப் பெயர் சரியானதா? உறவுமுறையை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள் 1995-ஆம் ஆண்டு இதனைப் பிகியாவிலிருந்து பிரித்துக் கொமகடெல்லா என்னும் புதிய பேரினத்தில் வைத்தனர். 2005-ஆம் ஆண்டு கர்ட்ஸ்மேன், ஒரே பெயரில் இருந்தவற்றுள் இரு சிற்றினங்கள் உள்ளன என்று காட்டி, ஒன்றுக்கு ஃபாஃபின் நினைவாகக் கொமகடெல்லா ஃபாஃபி என்று பெயரிட்டார். தொழில்துறை பயன்படுத்தும் முக்கியத் திரிபுகள் பாஸ்டோரிஸ் அல்ல, ஃபாஃபி என்பதை 2009-ஆம் ஆண்டு பல மரபணுக்களை ஒப்பிட்டு அவர் நிறுவினார். எனினும், மருந்துக் குறிப்புகளில் பழைய பெயரே இன்றும் புழங்குகிறது.

சேமிப்பகத்தில் உறங்கும் சான்று

இவ்வளவு காலம் கழித்து ஒரு பிழையைத் திருத்த முடிந்தது எவ்வாறு? கலிஃபோர்னியாவின் மரத்திலிருந்து எடுக்கப்பட்ட திரிபு, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வளர்ப்புச் சேமிப்பகத்தில் கெடாமல் இருந்ததே காரணம். அதைச் சேகரித்த காலத்தில் மரபணு வரிசையைப் படிக்கும் தொழில்நுட்பம் இருக்கவில்லை. ஆனால், அந்தக் குழாயும், அது எந்த மரத்தில் கிடைத்தது என்ற குறிப்பும் காத்திருந்தன.

டி1/டி2 கணக்கோ, முழு மரபணுத் தொகுதியோ இறுதி அளவுகோலாக இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இன்றைய பெயர்களுள் சில நாளை மாறக்கூடும். அவ்வாறு மாறும்போது ஒப்பிட்டுப் பார்க்க, இந்திய மரங்களிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு திரிபும், அது கிடைத்த மரம், இடம், நாள் ஆகிய குறிப்புகளுடன் சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். பொந்துள்ள பழைய மரம் ஒன்று வெட்டப்படும்போது, அதில் பெயரிடப்படாமல் வாழ்ந்தவற்றை மீண்டும் தேடிச் செல்ல வழியில்லை.